பொன்னிறக் களிம்பு

பிப்ரவரி 9

குப்பைமேனி இன்று உலர்ந்துவிட்டது. இலையை விரலிடுக்கில் வைத்து நசுக்கினால் பொடியாக வேண்டும். வளைந்து கொடுத்தால் உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது என்று பொருள். தண்ணீர் எண்ணெய்க்குள் போனால் களிம்பு பூஞ்சை பிடிக்கும். இந்தச் சின்ன விஷயம் தெரியாமல்தான் கைபேசியில் ஆளாளுக்குப் பச்சை இலையை அரைத்து, கற்றாழைச் சோற்றை வழித்துப் போட்டு, 'வீட்டிலேயே களிம்பு' என்று சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். கீழே ஆயிரம் பேர் கைதட்டுகிறார்கள். தெரியாதவனுக்குத்தான் எப்போதும் கைதட்டல்.

இலைகளைப் பழைய வினாத்தாள்களின் முதுகில் பரப்பியிருந்தேன். இரண்டு அட்டைப்பெட்டி நிறைய இருக்கின்றன, எல்லாம் நான் தயாரித்தவை. இப்போது கல்லூரியில் வேதியியல் வினாத்தாளை எவன் தயாரிக்கிறான் என்று எனக்குத் தெரியும். கேள்வியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். கேட்டவனுக்கே விடை தெரியாது.

பொடித்த இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு, அந்தப் பாட்டிலைத் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி, அடுப்பைச் சிறு தீயில் வைத்தேன். எண்ணெய் நேராகச் சூட்டைப் பார்க்கக் கூடாது. மாலையில் பருத்தித் துணியில் வடிகட்டினேன். தேன்மெழுகை உருக்கி ஊற்றி, குளிர்ந்த கரண்டியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். விரலால் தொட்டால் அமுங்கி, எடுத்தால் ஒட்டாத பதம். டப்பாக்களில் ஊற்றி, முழுக்க ஆறும்வரை மூடாமல் வைத்தேன். சூட்டோடு மூடினால் மூடியில் வியர்த்து, அந்தத் தண்ணீரே உள்ளே இறங்கிவிடும்.

எல்லாம் என் மனைவி கைக்காக. இவளுக்கு நர்ஸ் வேலை. வார்டில் நோயாளியைத் தொடும் முன்னும் கழுவ வேண்டும், தொட்ட பின்னும் கழுவ வேண்டும். விரல் கணுக்களிலெல்லாம் வெடிப்பு. சமையலறையில் உப்பைத் தொடும்போது முகம் சுளிப்பாள் – நான் பார்க்காத நேரமாகப் பார்த்துச் சுளிப்பாள். கையில் புண் உள்ளவர்களை மேட்ரன் நோயாளியின் அருகே விடமாட்டாராம். இப்போதைய வார்டு இன்சார்ஜ் ஏப்ரலில் ஓய்வு பெறுகிறார். அடுத்து இவள்தான். வயது, வேலை, பொறுமை, எதில் பார்த்தாலும் இவள்தான்.

"கையை மட்டும் பார்த்துக்கொள்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். கடைசி நிமிடத்தில் எதையாவது ஒன்றைக் காட்டித்தான் ஆளை ஒதுக்குவார்கள். எனக்கு 'அணுகுமுறை' என்றார்கள். துறைத்தலைவர் நாற்காலியில் எனக்குப் பத்து வருடம் பின்னால் வந்த என் பழைய மாணவனை உட்கார வைத்தார்கள். முதல்வர் எதைச் சொன்னாலும் தலையாட்டுவான். தலையாட்டி. நான் ராஜினாமா எழுதிக் கொடுத்த அன்று அதற்கும் ஆட்டினான்.

பிப்ரவரி 10

என் முன்கையின் உட்புறத்தில் பூசி, மேலே துணி ஒட்டி வைத்திருந்தேன். இன்று பிரித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. சிவப்பில்லை, அரிப்பில்லை.

பிப்ரவரி 24

வெடிப்புகள் மூடிவிட்டன. இவள் விளக்குக்குக் கீழே கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் கேக்குது" என்றாள். முப்பது வருடம் பாடம் நடத்தியதற்குக் கிடைக்காத பாராட்டு. எழுதி வைத்துக்கொள்கிறேன்.

சாயங்காலம் மச்சினன் வந்தான். இவளுடைய தம்பி, கைபேசி பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவன். டப்பாவை எடுத்து மோந்து பார்த்தான்.

"அக்கா, இதை அத்தான் சிரிச்சுக்கிட்டே குடுத்தாரா, மொறைச்சுக்கிட்டே குடுத்தாரா? அதுக்கேத்த மாதிரிதானே வேலை செய்யும்?"

இவள் சிரித்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் வேலையை விட்ட வருடம், வீடு நிறைய உறவினர்கள் இருக்க, இவன் சொன்னது நினைவிருக்கிறது: "வேலை போனா என்ன? அத்தான்கிட்டதான் கோவம் இருக்குல்ல, அதை வச்சுக் குடும்பம் நடத்திருவாரு." எல்லோரும் சிரித்தார்கள். அன்றும் இவள் சிரித்தாளா? வாயை மூடிக்கொண்டாள். வாயை ஏன் மூட வேண்டும், சிரிப்பு வராவிட்டால்?

மார்ச் 6

தெருமுனை மருந்துக்கடையில் இருமல் மருந்து வாங்கப் போனேன். கல்லாவுக்குப் பக்கத்தில் கண்ணாடி டப்பாக்களில் அடுக்கி வைத்திருக்கிறார்கள் – பொன்னிறத்தில், தேன் உறைந்த மாதிரி ஒரு களிம்பு. உள்ளே மெல்லிய ஆரஞ்சு இழைகள் மிதக்கின்றன.

"கை கால் வெடிப்புக்கு நல்லா போகுது சார். உங்க காலேஜ் ஹெச்.ஓ.டி. வீட்டம்மா செய்யறாங்க. சார் ஃபார்முலாவாம்" என்றார் கடைக்காரர்.

சார் ஃபார்முலா! கரைசலுக்கும் கலவைக்கும் வித்தியாசம் கேட்டால் கூரையைப் பார்ப்பவனுடைய ஃபார்முலா.

"எடுத்துப் பாருங்களேன்" என்று ஒரு டப்பாவை என் பக்கம் நகர்த்தினார். நான் தொடவில்லை. பின்பக்கம் என்னவோ பொடி எழுத்தில் ஒட்டியிருந்தது. அவன் எழுதியதை நான் எதற்குப் படிக்க வேண்டும்? பார்த்தாலே தெரியாதா? இதழ்கள். சாமந்தி இதழ்களை எண்ணெயில் ஊறவைத்திருக்கிறான். அந்த நிறம் வேறு எதில் வரும்?

என் களிம்பு பாசி நிறத்தில் இருக்கிறது. யார் எடுப்பார்கள் அதை, அழகாக ஒன்று பக்கத்தில் இருக்கும்போது? குணத்தைப் பார்த்து யார் எடுத்தார்கள் எதையாவது?

இருமல் மருந்தை வாங்க மறந்து வந்துவிட்டேன்.

மார்ச் 8

கொல்லைச் சுவரோரம் இவள் வைத்த சாமந்தி பூத்துக் கிடக்கிறது. பாதிச் செடியை மொட்டையடித்தேன். இதழ்களை மட்டும் பிரித்து நிழலில் போட்டிருக்கிறேன்.

"செடி உங்களை என்ன பண்ணுச்சு?" என்று கேட்டாள், துணி காயப்போட வந்தவள்.

மார்ச் 12

வந்துவிட்டது நிறம். அவனுடையதைவிட ஆழமான பொன். குப்பைமேனி பாதி, சாமந்தி பாதி. கைக்குப் பூசினால் மெருகு தெரிகிறது. டப்பாவை ஜன்னலோரம் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அசட்டுத்தனம்தான். யாரிடம் சொல்லப் போகிறேன்?

என் முன்கையில் பூசிப் பார்த்தாயிற்று. ஒன்றுமில்லை.

இவள் தயங்கினாள். "பழசே நல்லாத்தானே இருந்துச்சு?"

"இது அதைவிட மேல்."

"எதுல மேல்?"

கேள்வி கேட்பதற்கும் ஒரு தகுதி வேண்டும் என்று வாய்வரை வந்தது. நல்லவேளை, சொல்லவில்லை.

மார்ச் 13

வார்டில் எல்லோருக்கும் என்று மூன்று டப்பா எடுத்துப் போனாள். நான்தான் எடுத்துப் போகச் சொன்னேன்.

மார்ச் 19

கை அரிக்கிறது என்கிறாள். புறங்கையில் சின்னச் சின்னக் கொப்புளம். கையுறை மாற்றியிருப்பார்கள், மட்டமான ரப்பர். அல்லது சோப்பு. மருத்துவமனைக்காரன் எதில் மிச்சம் பிடிக்கலாம் என்று அலைவான். அதைத்தான் சொன்னேன்.

"கையுறை மாத்தல. சோப்பும் அதேதான்."

"அப்படியானால் நீ சாப்பிட்டது ஏதாவது."

"நான் சாப்பிட்டதைத்தானே நீங்களும் சாப்பிட்டீங்க?"

"எனக்கு ஒன்றும் ஆகவில்லையே! இதே களிம்பை நானும்தான் பூசினேன்" என்று கையை நீட்டிக் காட்டினேன். அவள் என் கையைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 21

இவளை வார்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். பதிவு மேசையில் உட்கார வைத்திருக்கிறார்கள் – பேர் என்ன, வயசு என்ன, எங்கே வலி என்று கேட்டு எழுதும் வேலை. களிம்பை வாங்கிப் பூசிய இன்னும் இரண்டு பேருக்கும் இதே கதி. அவர்களில் சின்னப் பெண் ஒருத்தி பூசின கையோடு கண்ணைக் கசக்கியிருக்கிறாள். இமை வீங்கி ஒரு கண் மூடிப்போய்விட்டதாம்.

மூன்று பேர். மூன்று பேருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்று. வகுப்பில் ஒரு மாணவன் இதைக் கொண்டுவந்து என்னிடம் காட்டியிருந்தால் எத்தனை வினாடியில் விடை சொல்லியிருப்பேன்?

"மேட்ரன் என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"'உன் வீட்டுக்காரர் கெமிஸ்ட்ரி புரொஃபசர்னு சொன்னியே'ன்னு கேட்டாங்க."

அவ்வளவுதான் சொன்னாள். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன்.

மார்ச் 23

இன்று சண்டை. நான்தான் ஆரம்பித்தேன். சோதிக்காமல் கொடுக்கவில்லை, முறைப்படி பூசிப் பார்த்துத்தான் கொடுத்தேன் என்றேன். அவள் கைக்கு மருத்துவமனைத் தோல் மருத்துவர் கொடுத்த மருந்தைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"யார் கையில பூசிப் பாத்தீங்க?"

"என் கையில்."

"உங்க தோலுக்கு என்னங்க தெரியும்? அதுமேல ஆசிட் ஊத்தினாக்கூட துடைச்சு விட்டுட்டுப் போவீங்க. லேபிலேருந்து வரும்போது சட்டையில ஓட்டை இருக்கும், கையில ஒண்ணும் இருக்காது. நானே பாத்திருக்கேன். இனிமே நாலு பேர் கையில போட்டுப் பாக்காம எதையும் என் பக்கத்துல கொண்டு வராதீங்க."

அவள் வேலைக்குப் போனபின் சமையலறையில் உட்கார்ந்து சோதித்தேன். பச்சைக் குப்பைமேனியை அரைத்து முன்கையில் அப்பினேன். ஒன்றுமில்லை. இன்னொரு இடத்தில் பூண்டு. ஒன்றுமில்லை. மிளகாயைக் கிள்ளித் தேய்த்தேன். தோல் அசையவில்லை. எத்தனை வருட அமிலமும் காரமும் ஸ்பிரிட்டும் கழுவிக் கழுவி மரத்துப்போன தோல்! இதை வைத்துக்கொண்டா நான் மற்றவர்கள் தோலுக்குத் தீர்ப்பு எழுதினேன்? 'ஒன்றுமில்லை' என்று எழுதியதெல்லாம் களிம்பைப் பற்றியே அல்ல. என் தோலைப் பற்றி.

அப்புறம் மிளகாய் தொட்ட விரலோடு கண்ணைத் துடைத்துவிட்டேன். கண் மட்டும் நன்றாகவே எரிந்தது.

மார்ச் 26

நாலு பேர்.

முறையாகச் சோதிப்பதென்றால் குப்பைமேனி மட்டும் போட்டது ஒரு துண்டு, சாமந்தி சேர்ந்தது ஒரு துண்டு, அருகருகே ஒட்டிப் பார்க்க வேண்டும். துணி இருக்கிறது, பிளாஸ்டர் இருக்கிறது. கைதான் இல்லை.

யாரிடம் போய்க் கையை நீட்டு என்று கேட்பது? மகன் வேறு ஊரில் இருக்கிறான். அழைப்பதெல்லாம் அம்மா எண்ணுக்கு. கல்லூரி நண்பர்கள் – நான் வெளியேறிய அன்று யாராவது ஒருத்தன் வாசல்வரை வந்தானா? தலையாட்டியின் பாராட்டுக் கூட்டத்துக்கு மட்டும் எல்லோரும் போனார்கள். என் அண்ணன், அப்பா செத்தபோது பத்திரிகையில் என் பெயரைக் கடைசியில் போட்டவர். மாடிக்காரர், தம் ஸ்கூட்டரை நம் படிக்கட்டுக்குக் குறுக்கே நிறுத்துபவர். மருந்துக்கடைக்காரர், அவனுடைய களிம்பை விற்பவர். மச்சினன்...

இவர்களில் ஒருவரிடமும் நான் தவறாக நடக்கவில்லை. ஒவ்வொன்றிலும் நியாயம் என் பக்கம். எடுத்து அலசிப் பார்த்துவிட்டேன், எல்லாவற்றிலும் நான்தான் சரி. ஆனால் கை ஒன்றுகூட இல்லை.

மார்ச் 27

மாடிக்காரரிடம் போனேன். படி ஏறும்போதே எனக்கு வாய் கசந்தது. தாத்தா காலத்து நட்பு மாதிரி சிரித்துக்கொண்டு கதவைத் திறந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அதாவது உங்க களிம்பை என் கையில பூசி, எனக்குக் கொப்புளம் வருதா இல்லையான்னு பாக்கணும். அப்படித்தானே சார்?"

"கொப்புளம் வரும் என்று சொல்லவில்லை."

"வராதுன்னும் சொல்லலையே!" சிரித்தார். "ஸ்கூட்டர் விஷயமா ஸ்டேஷன்ல என்மேல மனு குடுத்தீங்களே, ஞாபகம் இருக்கா? அது இன்னும் அங்கதான் தூங்குது. அதைப் போய் எழுப்பிக் கூட்டிட்டு வாங்க. ஒரு கை என்ன, ரெண்டு கையும் தர்றேன்."

இறங்கி வந்துவிட்டேன். ஸ்கூட்டர் குறுக்கேதான் நின்றது.

மார்ச் 30

மச்சினன் கடையை மூடிவிட்டு நேராக வந்தான். உட்காரக்கூட இல்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே உள்ளே வந்தான்.

"அத்தான், கை வேணும்னு அலையறீங்களாமே? இது போதுமா, இல்ல இன்னும் சதைப்பத்தா வேணுமா?"

இவள் சொல்லியிருக்கிறாள். அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

இரண்டு துண்டுகளையும் ஒட்டினேன். அவன் முன்கை வெளுப்பாக, குழந்தையுடையது மாதிரி மிருதுவாக இருந்தது. இத்தனை வருடத்தில் அவனை நான் தொட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"நாளை மறுநாள் வரைக்கும் நனையக் கூடாது" என்றேன்.

"அப்ப குளிக்க வேணாம். முனைவர் பட்டம் வாங்கினவரே சொல்லிட்டார்னு வீட்ல சொல்லிக்கிறேன். எத்தனை வருஷக் கனவு!"

"அரித்தால் உடனே எடுத்துவிடு."

"அரிச்சா உங்களுக்குப் போன் பண்ணுவேன். ரெண்டு பேருமா சேர்ந்து சொறியலாம்."

போகும்போது வாசலில் நிறுத்திக் கேட்டேன், ஏன் வந்தாய் என்று. கேட்டிருக்கக் கூடாது. அவன் நிஜமாகவே ஆச்சரியப்பட்டான்.

"அக்காவோட கைக்குத்தானே அத்தான்? பின்ன உங்களுக்காகன்னா நெனச்சீங்க?"

ஏப்ரல் 1

காலையிலேயே அழைத்தான். "நீங்க ஜெயிச்சிட்டீங்க அத்தான். ஒண்ணு கம்முனு இருக்கு. இன்னொண்ணு கொள்ளிக்கட்டையா எரியுது." ஏப்ரல் ஒன்று என்பதால் நம்பவில்லை. நேரில் போய்ப் பார்த்தேன். சாமந்தி சேர்ந்தது ஒட்டிய இடத்தில் துணியின் அளவுக்குச் சதுரமாகச் சிவந்து, ஓரமெல்லாம் கொப்புளம். பக்கத்துத் துண்டுக்குக் கீழே தோல் சுத்தமாக இருந்தது.

சாமந்திதான். ஒரு கைதான் சாட்சி என்றாலும், வார்டில் மூன்று பேரையும் சேர்த்தால் போதும்.

வீட்டுக்கு வரும் வழியில் ஒரு விஷயம் தோன்றியது – அப்படியானால் அவனுடைய பொன்னிறக் களிம்பும் இதே வேலையைத்தான் செய்யும். இன்று இல்லாவிட்டால் நாளை யாருக்காவது கை வீங்கும். டப்பாவோடு போய்க் கடையில் கத்துவார்கள். சார் ஃபார்முலா! நெடுநாளைக்குப் பிறகு வயிறு குளிர்ந்தது. சாப்பிடும்போது இவளிடமும் சொன்னேன்.

அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். "அதை வாங்கறது யாருன்னு நெனைக்கறீங்க? அந்த ஹெச்.ஓ.டி.யா? எங்களை மாதிரி கை வெடிச்சவங்கதானே வாங்கறாங்க?"

எழுந்து தட்டைக் கழுவப் போனாள். வலது கையில் கட்டு. இடது கையால் கழுவினாள். நான் வாங்கிக் கழுவியிருக்கலாம் என்பது அவள் கழுவி முடித்தபின் தோன்றியது.

ஏப்ரல் 3

மருந்துக்கடைக்குப் போனேன். எச்சரிக்கத்தான் போனேன். கொஞ்சம் ரசித்துக்கொண்டே போனேன், மறைக்கவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று தெருவெல்லாம் ஒத்திகை. கடையில் இன்னும் நாலைந்து பேர் இருந்தது வசதியாகப் போயிற்று. குரலை உயர்த்தியே சொன்னேன்: சாமந்தியில் உள்ள ஒரு பொருள் பலருடைய தோலுக்கு ஒத்துக்கொள்ளாது, கொப்புளம் வரும், தெரியாமல் விற்காதீர்கள்.

கடைக்காரர் பொறுமையாகக் கேட்டார்.

"சாமந்தியா? எதுல சார் சாமந்தி?"

"இதில்தான். கண்ணுக்குத் தெரிகிறதே, இதழ் இதழாக."

அவர் டப்பாவை எடுத்து, திறந்து, ஒரு இழையை நகத்தால் எடுத்துக் காட்டினார். "கேரட் சார். கேரட்டைத் துருவிக் காயவச்சு எண்ணெயில போடறாங்க. பின்னாடியே எழுதியிருக்கே! அன்னிக்கே எடுத்துப் பாருங்கன்னேன்."

வரிசையில் நின்ற ஒரு கிழவர், "புரொஃபசர் சார், எங்க வீட்ல பொரியலுக்கு வாங்கினதும் கேரட்தானான்னு கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

கேரட்.

அவன் எழுதியதைப் படிக்கக் கூடாது என்று ஒரு வைராக்கியம். ஒரே ஒரு சொல். டப்பாவைத் திருப்பிப் பார்த்திருந்தால் இவள் கை – சே! எழுத முடியவில்லை.

ஏப்ரல் 10

இன்சார்ஜ் வேலை வேறொருத்திக்குப் போய்விட்டது. இவளுக்கு எட்டு வருடம் பின்னால் வந்தவள். 'பதிவு மேசையில இருக்கறவங்களை எப்படி வார்டுக்கு இன்சார்ஜா போடறது' என்று மேட்ரன் கேட்டாராம். நியாயமான கேள்வி. எந்த நியாயத்தைச் சொல்லி மறுப்பது?

நான் எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன். இதோ ஆரம்பிப்பாள், இப்போது ஆரம்பிப்பாள், உங்களால்தான், உங்கள் வீம்பால்தான் என்று. திட்டித் தீர்த்திருந்தால் எனக்கும் ஒரு இடம் கிடைத்திருக்கும், நிற்க.

அவள் கைபேசியை எடுத்து அந்தப் பெண்ணைக் கூப்பிட்டாள். "வாழ்த்துகள்டி. சந்தோஷமா இருக்கு. அந்த ஏழாம் நம்பர் பெட் அம்மாவுக்கு இடது பக்கம் படுக்க முடியாது, மறக்காம பாத்துக்கோ." பொய்ச் சிரிப்பா என்று உற்றுப் பார்த்தேன். இல்லை.

ஏப்ரல் 11

எனக்கு நடந்ததேதான் அவளுக்கும் நடந்திருக்கிறது. அதே மாதிரி, பின்னால் வந்தவள். எனக்கு அது ஆறு வருடமாக ஆறவில்லை. அவளுக்கு ஒரு சாயங்காலம்.

"உனக்குக் கோபமே வரவில்லையா?" என்று கேட்டுவிட்டேன்.

"வருது. என்ன பண்றது? வீட்ல ஒருத்தர் போதும்னு விட்டுட்டேன்."

ஏப்ரல் 18

காவல் நிலையத்துக்குப் போய் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அதில் எழுதிய ஒரு சொல்லும் பொய்யில்லை. இருந்தாலும் வாங்கிக்கொண்டேன்.

மாடிக்காரர் சொன்ன சொல் தவறவில்லை. இரண்டு கையையும் நீட்டினார். ஒரு கை போதும் என்றேன். பழைய குப்பைமேனிக் களிம்பை மட்டும் ஒட்டிவிட்டு வந்தேன். இதில் நம்பிக்கை இருக்கிறது. இவள் கையை ஒருமுறை ஆற்றியதுதானே?

ஏப்ரல் 20

மாடிக்காரர் கையில் சிவப்பு. பெரிதாக இல்லை, கொப்புளமும் இல்லை. ஆனால் சிவப்பு.

"பரவால்ல சார், லேசாத்தான் அரிக்குது" என்றார். ஸ்கூட்டரைத் தள்ளி நிறுத்தியிருக்கிறார்.

மிச்சமிருந்த டப்பாக்களை எல்லாம் குழி தோண்டி மூடினேன். காலி டப்பாக்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். எதற்கு என்று தெரியவில்லை.

மே 2

இவளை மறுபடி வார்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெண்ணுக்குக் கீழே.

மே 7

மறுபடி கை கழுவல், மறுபடி வெடிப்பு. ஆட்காட்டி விரலின் கணுவில் ஆரம்பித்திருக்கிறது. அவள் சொல்லவில்லை. தட்டு கழுவும்போது பார்த்தேன். இப்போதெல்லாம் நான் கழுவுகிறேன். இன்று நான் வருவதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

மே 9

மருந்துக்கடையில் கூட்டம் குறையும்வரை எதிரே நின்றிருந்தேன். பிறகு போனேன். கடைக்காரரே டப்பாவை நகர்த்தினார். எடுத்தேன். திருப்பிப் படித்தேன். தேங்காய் எண்ணெய், கேரட், தேன்மெழுகு. நம்புகிற மாதிரி மூன்றே பொருள். கடைசியில் ஒரு வரி: 'முதலில் முன்கையின் உட்புறத்தில் சிறிது பூசிப் பார்க்கவும்.' அது நான் வகுப்பில் சொன்னது. அந்த வகுப்பில் முதல் பெஞ்சில் அவன் இருந்தான், தலையாட்டிக்கொண்டு. எதையாவது கேட்டுத்தான் ஆட்டியிருக்கிறான் போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும், அவன் பெயர் போட்டு ஒட்டியிருந்த தாளைச் சுரண்டிவிட்டுக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். நகத்தை வைத்தும் பார்த்தேன். அப்படியே விட்டுவிட்டேன்.

மேசைமேல் வைத்தேன். அவள் அந்தப் பெயரைப் படித்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி பெயரைப் படித்தாள்.

"நாலு பேர் கையில பாத்தாச்சா?"

"உன் தம்பி கையில் ஒட்டிவிட்டுத்தான் வருகிறேன். மாடிக்காரர் வந்ததும் அவருக்கும் ஒட்ட வேண்டும். மருந்துக்கடைக்காரர் தினமும் பூசுகிறாராம், கையைக் காட்டினார். அவ்வளவுதான் கிடைத்தது. மூன்று பேர்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தாள். கையைத் திருப்பி மேசைமேல் நீட்டினாள்.

"அப்ப நாலாவது?" என்றாள்.

துணியைக் கோணலாக வெட்டிவிட்டு, மறுபடி வெட்டினேன். அவள் பார்க்காத மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மே 11

அவள் கையில் ஒன்றுமில்லை. சிவப்பில்லை, அரிப்பில்லை. மற்ற மூன்று பேருக்கும் இல்லை.

வாசனைதான் கொஞ்சம் மட்டம்.